பக்கத்து ஸ்டாம்ப்

"கத்தரிக்கோலை எங்கடி வச்சே?"

அப்பாவின் சட்டைக் காலரில் மேல் பட்டனைப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சட்டைக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "வெட்ட வேணாம்மா, திறந்தே விட்டுடலாம்" என்றாள்.

"சட்டைக்கு இல்ல. அதுக்கு."

மோவாயால் சுவரைக் காட்டினாள். முன்னறையில் கிடத்தியிருந்த கணவரின், அந்தப் பழைய டெலிபோன் லைன்மேனின், தலைமாட்டுச் சுவரில், தபால்தலை சேகரிப்போர் சங்கத்துக்காரர்கள் சற்று முன்புதான் ஒரு பேனரைக் கட்டியிருந்தார்கள். ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் நீண்டிருந்த அந்தப் பேனரில், பெரிதாக்கிய இரண்டு தபால்தலைகள் ஒட்டியபடியே இருந்தன. இடதுபக்கத் தபால்தலையில், கம்பத்தின் உச்சியில் குறடும் கையுமாக அவள் கணவர், இளவயதில். வலதுபக்கத்தில், தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பலகைக்கு முன்னால் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண். அவர் கையிலிருந்து கிளம்பிய கம்பி, நடுவிலிருந்த துளை வரிசையைத் தாண்டி அடுத்த தபால்தலைக்குள் நுழைந்து, அந்தப் பெண்ணின் காதில் போய் முடிந்தது. கீழே, போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆனதன் நினைவாக வெளியிடப்பட்டது என்று எழுத்து.

"மனுஷன் இன்னும் வாசலைக்கூடத் தாண்டல. அதுக்குள்ள தலைமாட்டுல அவளைக் கொண்டாந்து உட்கார வச்சிட்டாங்க."

"அம்மா, மெதுவா."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? இது என் வீடு."

நேற்று மத்தியானம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். சொல்லாமல் கொள்ளாமல். எதைத்தான் சொல்லிவிட்டுச் செய்தார் அவர், இதைச் சொல்லிவிட்டுச் செய்ய? அழுகை வரும் போலிருந்தது. ஆனால் சுவரில் அந்தப் பெண் ஹெட்செட்டோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது அழுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

சங்கச் செயலாளர் ஓடி வந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மற்றவர்கள் பேனா சொருகும் சட்டைப்பையில் அவர் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்.

"அம்மா, அது ஜோடித் தபால்தலைம்மா. ஒண்ணா அச்சடிச்சது. பிரிச்சா மதிப்பே போயிடும்."

"யாருக்கு?"

"சேகரிக்கிறவங்களுக்கு..."

"இத்தனை வருஷமா இவரைச் சேகரிச்சு வச்சிருந்தவ நான். எதைப் பிரிக்கலாம்னு எனக்குத் தெரியும். அந்த நாற்காலியை இப்படிப் போடுங்க."

செயலாளர் மகளைப் பார்த்தார். மகள் கத்தரிக்கோலை எடுத்து வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவோடு மல்லுக்கு நிற்பதைவிட அது சுலபம் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். துளை வரிசை பேனரில் பெரிய பெரிய வட்டங்களாக அச்சாகியிருந்தது. அம்மா ஏறி நின்று, அந்த வட்டங்களின் மேலேயே கோணாமல் வெட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. கம்பி நடுவில் அறுந்தது. வலது பாதி தன் பாரத்தில் சரிந்து விழுந்து, வாசற்படி ஓரமாக, முகம் மேலே பார்க்க விரிந்து கிடந்தது.

இடது பாதியில் கம்பத்து மேல் அவர் தனியாக நின்றார். அவளுக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அந்த வயிற்றெரிச்சலுக்கு வயது அதிகம். தபால்தலையை வெளியிட்ட விழாவில் தொடங்கியது. மேடையில் அவரையும் தபால்தலையில் இருந்த அந்த ஆபரேட்டரம்மாவையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இவள் பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுத் தபால்தலை ஒட்டி அன்றைய முத்திரை குத்திய முதல் நாள் உறைகளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் இடது பக்கம், அந்தம்மா வலது பக்கம். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் இவள் போட்டது ஒரே ஒரு கையெழுத்து. அந்தம்மா அன்றைக்கு ஒரு கட்டு உறை முழுக்கப் போட்டாள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் ஆபரேட்டரம்மா மைக்கைப் பிடித்து ஒன்று சொன்னாள்: "இவர் கம்பத்துல இருந்து பேச ஆரம்பிச்சா ஓயவே மாட்டார். அந்தக் குண்டு சத்தத்துக்கு நடுவுல நான் சிரிச்சிருக்கேன்னா, அது இவரோட பேச்சாலதான்."

கூட்டம் கைதட்டியது. இவள் கையைத் தூக்கவில்லை.

ஏனென்றால் வீட்டில் இருந்த லைன்மேன் வேறு ஆள். வாயைத் திறந்தால் ஏதோ குறைந்துவிடும் என்பது மாதிரி இருப்பார். "ம்", "சரி", "பாக்கலாம்" – இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தை நடத்தி முடித்தவர். ஊரெல்லாம் பேசிக்கொள்ளக் கம்பி இழுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, "மழை வரும் போல இருக்கு, ஜன்னலைச் சாத்தவா?" என்பதுதான். அந்த மனிதர் அங்கே ஓயாமல் பேசினாராம். ஒருத்தி சிரித்தாளாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள்.

"அப்படி என்ன பேசினீங்க அவங்ககிட்ட?"

"டெஸ்ட்தான்."

"டெஸ்ட்ல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவர் பேப்பரை எடுத்து விரித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத அந்தக் கேள்வி அவர்களோடு அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தது.

போர்க் காலத்தில் அவளுக்கு வந்தது என்ன என்று நினைத்துப் பார்த்தால் இன்னும் எரியும். கல்யாணமான புதிதில் போனவர். பட்டாளத்தில் அச்சடித்துக் கொடுத்த அட்டை வரும். 'நலமாக இருக்கிறேன்', 'காயமடைந்துள்ளேன்', 'மருத்துவமனையில் இருக்கிறேன்', 'உன் கடிதம் கிடைத்தது' என்று வரிகள் இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டு அனுப்ப வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை எழுதினாலும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அவள் அந்த அடித்த கோடுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். கோடு நேராக இருந்தால் நிம்மதியாக இருக்கிறார், கோணலாக இருந்தால் ஏதோ அவசரம் என்று அவளாகவே அர்த்தம் செய்துகொண்டாள். பெண்டாட்டிக்குக் கோடு, எவளோ ஒருத்திக்குப் பேச்சு.

தன்னால் முடிந்த அளவுக்குப் பழியும் வாங்கினாள். அவர் அந்த ஜோடித் தபால்தலைகளைத் தாள் தாளாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். இவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, கம்பத்து ஆளைத் தன் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, பக்கத்து ஸ்டாம்பை மட்டும் கடிதங்களில் ஒட்டினாள். எந்தக் கடிதம்? சாக்கடை அடைப்பு, குழாயில் அழுக்குத் தண்ணீர், எரியாத தெருவிளக்கு. நகராட்சி அலுவலகத்தில் அவளைப் புகார்க்காரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கென்ன, தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர் அந்தம்மாவின் மூக்கின் மேல் நச்சென்று ஒன்று போடுவார் என்ற நினைப்பே ஒரு வாரத்துக்குத் தாங்கும். ஒருநாள் அலமாரியைத் திறந்த அவர், பாதிப் பாதியாகக் கிடந்த தாளைப் பார்த்தார். "ம்" என்றார். திரும்பவும் தபால் ஆபீஸ் போய் இன்னொரு தாள் வாங்கிவந்து வைத்தார். அது எதற்காக என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அம்மா," என்று மகள் மெல்லக் கூப்பிட்டாள். "அவங்க வந்திருக்காங்க."

வாசலில் ஊன்றுகோலோடு ஒரு கிழவி நின்றாள். தபால்தலையில் இருந்த கன்னம் இல்லை, கழுத்தும் இல்லை. முதுகு வளைந்து, கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. நம்மைவிட அதிகமாகத் தளர்ந்துவிட்டாள் என்று அந்தத் துக்கத்திலும் இவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்படவும் இல்லை.

அந்தத் திருப்தியும் நிலைக்கவில்லை. ஆபரேட்டரம்மா குனிந்து, படி ஓரமாகத் தன்னையே பார்த்துக்கொண்டு கிடந்த பாதிப் பேனரைக் கண்டாள். செயலாளர் பதறிப்போய் அதைச் சுருட்டக் குனிந்தார்.

"இருக்கட்டும் சார், நான் என்னைச் சுத்தி வந்துக்கறேன்" என்றாள் அவள்.

குரல் அப்படியே இருந்தது. வயதே ஏறாத, தெளிவான குரல். அன்றைக்கு மைக்கில் கேட்ட அதே குரல். உடம்பெல்லாம் தளர்ந்தும் அது மட்டும் தளரவில்லை என்பதை இவளால் தாங்க முடியவில்லை. இந்தக் குரலைத்தான் அவர் கம்பத்து மேல் நின்று கேட்டிருக்கிறார்.

ஆபரேட்டரம்மா படுத்திருப்பவர் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை, அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊன்றுகோலில் சாய்ந்து அவர் காதுப் பக்கமாகக் குனிந்து சொன்னாள்:

"லைன் நல்லா இருக்கு. நீங்க இறங்கிக்கலாம்."

முன்னறையில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவளுக்கு மட்டும் காது சுட்டது. தன் வீட்டு முன்னறையில், தன் புருஷன் காதில், தனக்குப் புரியாத ஒரு பேச்சு.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"எப்பவும் சொல்றதுதாம்மா. டெஸ்ட் முடிஞ்சதும் நாங்கதான் சொல்லணும். சொல்ற வரைக்கும் அவங்க கம்பத்துலயே நிக்கணும்."

"நீங்க சொல்ற வரைக்கும்."

"ஆமா."

"அதுவரைக்கும் அவர் பேசிக்கிட்டே இருக்கணும்."

"ஆமாம்மா."

"என்ன பேசினார்?"

"அம்மா, இப்பவா?" என்றாள் மகள்.

"இப்பக் கேக்காம எப்பக் கேக்கறது? நாளைக்கா?"

ஆபரேட்டரம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். செயலாளர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்கார்ந்து, ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"எக்ஸ்சேஞ்ச் ஒரு நிலவறையில இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போற லைன் தினமும் அறுந்துபோகும். இவர் போய்ச் சேர்ப்பார். சேர்த்த உடனே சரியா இருக்கற மாதிரிதான் கேக்கும். உள்ள ஈரம் இருந்தா கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கரகரன்னு வரும். அதனால விடாமப் பேசச் சொல்லுவோம். பேசப் பேச நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"அது தெரியும். பேசினது என்ன?"

"எதிரி ஒட்டுக் கேப்பான்னு பயம். ஊர் பேரு, பாலம், ரயிலு, எத்தனை பேரு, என்ன வண்டி, எதுவும் வாயில வரக் கூடாது. போரைப் பத்தி மூச்சு விடக் கூடாது, வீட்டு விஷயம் மட்டும் பேசுன்னு உத்தரவு. மத்த லைன்மேனுங்க சும்மா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே இருப்பாங்க. இவர்தான் உத்தரவை அப்படியே எடுத்துக்கிட்டார்."

"யார் வீட்டு விஷயம்?"

"அவர் வீட்டு விஷயம்தான்." அவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "உங்களைத்தாம்மா."

யாரோ இருமினார்கள். அவளுக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முதலில் வந்தது கோபம்தான்.

"என்னைப் பத்தி என்ன?"

"எல்லாம். கையில எதையாவது வச்சுக்கிட்டு, கதவை இடுப்பால சாத்துவீங்களாமே. வீட்டுல ஒரு கதவுலகூடக் கைபட்ட அழுக்கு இருக்காதாம். தூக்கத்துல யாரையோ போட்டுத் திட்டுவீங்களாம். யாரைன்னு தெரிஞ்சுக்க இவர் தூங்காமக் காத்துக்கிட்டு இருந்தாராம். கடைசியில பார்த்தா பால்காரராம். அதுக்குத்தான் நான் சிரிச்சேன். மேல குண்டு விழுது, பக்கத்துப் பலகையில இருந்தவ என்னைப் பைத்தியம்னு பார்த்தா."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா இன்னும் தூக்கத்தில் திட்டுவாள். அவளுக்குத் தெரியும்.

"அப்புறம் ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினீங்களாமே."

அவளுக்கு அது நினைவிருந்தது. முதன்முதலாகப் பின்னியது. ஒரு கை நீளமாகப் போய்விட்டது. பிரித்துப் பின்ன நேரமில்லாமல் அப்படியே பார்சல் கட்டினாள். பதிலுக்கு வந்த அட்டையில் வழக்கமான கோடுகள்தான். வீடு திரும்பியபோது அவரிடம் அந்த ஸ்வெட்டர் இல்லை. தூக்கிப் போட்டிருப்பார் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"லைன்மேனுங்களுக்குக் கையுறை குடுக்கலம்மா அப்போ. குளிர்ல கம்பியைத் தொட்டா தோல் ஒட்டிக்கும். இவர் அந்த நீளக் கையை விரல் நுனி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டுக் கம்பியைப் புடிப்பாராம். 'என் வீட்டுக்காரி எப்படிக் கண்டுபிடிச்சா பாருங்க, நான் எந்தக் கையில கம்பி புடிப்பேன்னு கூடத் தெரிஞ்சிருக்கு'ன்னு எங்கிட்ட ஒரே பெருமை. அந்தக் கை நைஞ்சு நூல் நூலாப் போற வரைக்கும் போட்டுக்கிட்டார். மிச்சத்தை ஆஸ்பத்திரியில அடிபட்ட ஒருத்தருக்குக் கட்டுப் போட வாங்கிக்கிட்டாங்க."

"தப்பாப் பின்னினது அது" என்றாள் அவள்.

"அவருக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்லியிருக்க மாட்டார்."

"எங்கிட்ட எதையுமே சொல்லல." குரல் ஏறிவிட்டது. இத்தனை வருஷமாகப் பல்லைக் கடித்து அடக்கியது, அவர் முன்னாலேயே வெளியே வந்தது. "ஒரு வார்த்தை. ஸ்வெட்டர் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை. எனக்கு வந்ததெல்லாம் அடிச்ச கோடு. வாய் நிறையப் பேசினது பூரா உங்களுக்கு."

"எனக்கு இல்லம்மா. லைனுக்குச் சொன்னார். நான் நடுவுல உட்கார்ந்திருந்தேன்."

"நடுவுலதான் உட்கார்ந்திருந்தீங்க. இன்னைக்கு வரைக்கும்."

ஆபரேட்டரம்மா ஊன்றுகோலின் பிடியைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே ஏன் வந்து சொல்லல?"

"முதல் விழாவுலயே வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டீங்க. அடுத்த வருஷம் சங்கத்து விழாவுல தண்ணி குடிக்கப் போறேன்னு போனீங்க, திரும்பவே இல்ல. ஒரு தடவை நான் வர்றதைப் பார்த்துட்டு ஒரு தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டீங்க. உங்க கைப்பை வெளியில தெரிஞ்சுது."

செயலாளர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவரும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார். வெக்கம் அவருக்கு. முகத்துக்கு நேரா எதையும் சொல்ல வராதாம். கம்பத்து மேல யாருமே கண்ணுல படாததால பேச்சு வருதுன்னார். நான் அவரை முதமுதல்ல நேர்ல பார்த்ததே அந்த மேடையிலதான். பக்கத்துல உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசல என்கிட்ட. 'மழை வரும் போல இருக்கு'ன்னு மட்டும் சொன்னார்."

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். மேல் பட்டன் திறந்தே இருந்தது. என்றைக்கும் போல, இதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பது மாதிரிப் படுத்திருந்தார்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. இன்னொரு ஆள் கூடிவிட்டாள், அவ்வளவுதான். இதுவரை எதிரில் இருப்பவள் மேல் மட்டும் இருந்தது. இப்போது, கதவை இடுப்பால் சாத்திக்கொண்டிருந்த அந்தப் புதுப் பெண்டாட்டி மேலும் வந்துவிட்டது. அவளைப் பற்றி ஒருத்தர் குண்டு விழும்போதும் பேசிக்கொண்டிருந்தாராம். அவள் பாட்டுக்கு எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து, அடித்த கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. எல்லாம் இந்த வளைந்த முதுகுக்காரியிடம் சேர்ந்திருக்கிறது.

"வேற?" என்றாள்.

"நிறைய இருக்கும்மா. பாதி மறந்துபோச்சு. இப்பல்லாம் காலையில சாப்பிட்டது சாயங்காலம் ஞாபகம் இல்ல."

நேற்று அவர் போனபோது ஒரு தடவை அடித்த நெஞ்சு, இப்போது இன்னொரு தடவை அடித்தது. மீதி இருக்கும் அவர் முழுக்க, காலையில் சாப்பிட்டதை மறந்துவிடும் இந்தக் கிழவியின் தலைக்குள் இருக்கிறார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. நாலு பேர் உள்ளே வந்து, எடுக்கலாமா என்பது போல மகளைப் பார்த்தார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆபரேட்டரம்மா எழுந்துகொள்ள ஊன்றுகோலை ஊன்றினாள்.

"நான் வழியில உட்கார்ந்திருக்கேன். எடுக்கட்டும்மா."

"உட்காருங்க."

"நேரமாகுதும்மா" என்றாள் மகள், மெதுவாக.

"அவருக்கு என்னடி அவசரம்?"

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்தாள். கணவரின் தலைமாட்டுக்கும் ஆபரேட்டரம்மாவுக்கும் நடுவில் அதைப் போட்டு, இருவரின் முழங்காலும் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள். ஆபரேட்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அன்பாகப் பிடித்த மாதிரி இல்லை. ஓடிவிடப் போகிறவளைப் பிடித்த மாதிரிதான் இருந்தது. பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நன்றாகக் கேட்கிற வலது காதை அவள் வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"சொல்லுங்க. பால்காரர் கதைக்கு முன்னாடி என்ன சொன்னார்?"

ஆபரேட்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சின்னக் குரலில் ஆரம்பித்தாள். தெருவில் வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார்.